எழுபதில் வரும் மறதிக்கு முப்பதில் போட வேண்டிய கணக்கு

இருபத்தெட்டு வயதில் பிரஷர் 138/88 இருந்தால் எங்கும் வலிக்காது. தலை சுற்றாது, வேலை கெடாது, சாப்பாடும் நன்றாகவே இறங்கும். அதனாலேயே அது பத்து வருடம் அப்படியே ஓடிவிடும். அந்தப் பத்து வருடத்தில் மூளைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் தடித்துக்கொண்டே போகும். அல்சைமர் வகை மறதிநோயில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்குவதும் முதல் அறிகுறிக்கு 15, 20 ஆண்டுகள் முன்னால்தான். எழுபது வயதில் பேரன் பெயரைத் தேடும் ஒருவருக்குக் கோளாறு ஐம்பதிலேயே தொடங்கியிருக்கும். அதற்கு முன்பிருந்த பழக்கங்களுக்கும் அதில் பங்குண்டு.

எவ்வளவு பங்கு? லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா (மறதிநோய்) ஆணையம் 2024 அறிக்கையில் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. அவை முழுக்க நீங்கினால் உலகில் 45% வரையிலான டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. இது மக்கள்தொகைக் கணக்கு. தனி ஒருவருக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அல்ல. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் இந்த நோய் வரலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வலுவான சான்றுகளில் பெரும்பகுதி 45 முதல் 65 வயதினரைப் பற்றியது. இருபது, முப்பது வயதினரை நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வுகள் குறைவு. அவற்றில் முக்கியமானது அமெரிக்காவின் கார்டியா ஆய்வு. 1985-86-இல் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 5,115 பேரைச் சேர்த்து, இன்றுவரை தொடர்கிறார்கள். 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இளமை முதலே பிரஷரும் சுகரும் கூடுதலாக இருந்தவர்கள் ஐம்பதை ஒட்டிய வயதிலேயே சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கினார்கள். அது டிமென்ஷியா அல்ல. ஆனால் அந்தத் திசையில் போகும் சரிவு.

அறிகுறியே இல்லாத வயதில் உடம்பைக் கேட்டுப் பயனில்லை. எண்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் பிரஷர்

லான்செட் பட்டியலில் காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7% பங்கு, உயர் ரத்த அழுத்தத்துக்கு வெறும் 2%. ஆனாலும் பிரஷரை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பக்கவாதத்துக்கு அதுவே தலையாய காரணம், பக்கவாதத்துக்குப் பின் டிமென்ஷியா வரும் வாய்ப்பு மிக அதிகம். தவிர, வீட்டிலேயே அளக்கலாம், மலிவாகக் குறைக்கலாம்.

அளப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவியே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி கையின் நிலைக்கேற்ப ஏமாற்றும். பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டக் கூடாது. கை, மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேச வேண்டாம். பேச்சு மட்டுமே 10 புள்ளி வரை ஏற்றிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். காலையும் மாலையும் 7 நாள் செய்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

120/80-க்குக் கீழே இருந்தால் வருடம் ஒரு முறை போதும். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். முப்பதுக்குள் 140/90-ஐத் தாண்டினால் 'டென்ஷன்' என்று ஒதுக்காதீர்கள். சிறுநீரகம், தைராய்டு, அட்ரினல் சுரப்பி, குறட்டை இவற்றில் ஏதாவது அடியில் இருக்கலாம் என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிரஷர், சுகர் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். தட்டில் வைத்து எடை போட முடியாது. பாக்கெட்டை வைத்துக் கணக்கிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு மாதத்தில் தீர்ந்தால், 1,000 கிராமை 120-ஆல் வகுக்க, ஆளுக்கு நாளைக்கு 8.3 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ஓட்டல் சாம்பார், உடனடி நூடுல்ஸ் எல்லாம் இதில் சேரவே இல்லை. அந்த வீட்டுக்கு மாத இலக்கு அரைக்கிலோ. ஒரேயடியாகக் குறைத்தால் இரண்டாம் நாளே சண்டை வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சாதம் வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்துவது எளிதான முதல் படி, குழம்பிலேயே இருக்கிறது. இந்துப்பு என்று விலை கொடுத்து வாங்குவதிலும் சோடியம் கிட்டத்தட்ட அதே அளவுதான், அயோடின் வேறு கிடைக்காது. பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு பிரஷருக்கு உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ரத்தப் பரிசோதனையும் அளவுநாடாவும்

இந்தியர்களுக்கு ஒல்லியான உடம்பிலும் சுகர் வரும். அதனால் நமக்கு வரம்பே வேறு: உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. நாடாவைக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் அளவை நம்பாதீர்கள், தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் அது பல வருடம் மாறாமலே இருக்கும்.

வெறும் வயிற்றுச் சுகர் 100-க்குக் கீழே, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும். 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு. இரும்புச் சத்துக் குறைந்த பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். கொழுப்புப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 100-க்குள் இருந்தால் நல்லது. இளம் வயதில் 190-ஐத் தாண்டினால் அது பரோட்டாவின் வேலை மட்டும் அல்ல, பெரும்பாலும் குடும்ப வழி வருவது. அதற்கு மாத்திரை வேண்டும், கூடப்பிறந்தவர்களும் பரிசோதிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த பரிசோதனையை மூன்று வருடம் கழித்துச் செய்யலாம். அம்மா அப்பாவுக்குச் சுகர் இருந்தால் வருடா வருடம்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி தேவையில்லை. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு போடுகிறோம். அதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை அல்லது மீன். பொரியலை முதலில், சோற்றைப் பிறகு சாப்பிட்டால் சுகர் ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடப்பதும் அதே வேலையைச் செய்யும். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காது

இந்தக் கட்டுரையில் இளைஞர்கள் அதிகம் அலட்சியம் செய்யப்போவது இதைத்தான். கேட்கும் திறன் குறைந்தால் பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளை கூடுதலாக உழைக்கிறது, ஒலிவழித் தூண்டல் குறைகிறது, மனிதர் கூட்டத்திலிருந்து விலகுகிறார். சத்தத்தால் செத்துப்போகும் உட்செவி மயிர்செல்கள் திரும்ப முளைக்காது. இருபதில் இழப்பதையும் அறுபதில் வயதால் இழப்பதையும் கூட்டித்தான் கணக்கு வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரமே. மூன்று டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகிறது. இயர்போனில் பலர் செய்யும் தவறு, ஒலியைக் கூட்டுவதைவிட, இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது: ஓடும் பஸ்ஸில், ரயிலில் வெளிச் சத்தத்தை அமுக்கத்தான் ஒலியைக் கூட்டுகிறோம். வெளிச்சத்தம் தடுக்கும் வகை இயர்போன் இருந்தால் குறைந்த ஒலியே போதும். போனின் ஒலி அமைப்பில் உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, அதை 60 சதவீதத்தில் பூட்டிவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம்.

விசைத்தறி, சிட்கோ பட்டறை, ஜெனரேட்டர் அறை, கச்சேரி ஸ்பீக்கர் அருகில் வேலை செய்பவர்களுக்குப் பஞ்சு உதவாது. ஃபோம் இயர்பிளக் வேண்டும், அதையும் சரியாக வைக்க வேண்டும். சுத்தமான விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் பெரும்பகுதி வெளியே தெரிகிறது என்றால் சரியாக நுழையவில்லை. திருவிழாவோ கச்சேரியோ முடிந்து வந்த இரவில் காதில் 'உய்ங்' என்ற ரீங்காரம் இருந்தால், அன்று வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள். இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் வருடம் ஒரு முறை ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுக்க வேண்டும்.

தலை

மூளைக்கு விழும் அடி தனிக் காரணியாகவே பட்டியலில் உண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர் டூவீலர். ஹெல்மெட் போட்டவருக்குத் தலைக்காயம் சுமார் 69% குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்குச் சற்று மேல் நாடாவைச் சுற்றித் தலையை அளந்து வாங்குங்கள். மாட்டியபின் ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். தாடைப்பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பட்டை மாட்டாத ஹெல்மெட், விழுந்த நொடியில் தனியே உருண்டு போகும்; அது போலீஸுக்கான தொப்பி, தலைக்கானது அல்ல. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதை மாற்றிவிடுங்கள்.

கபடி, குத்துச்சண்டை, கால்பந்தில் அடிபட்டுச் சற்று மயங்கியவரை அன்றே மறுபடி களத்தில் இறக்கக் கூடாது. ஓரிரு நாள் ஓய்வு, அறிகுறி முழுக்கப் போனபின் படிப்படியாகப் பயிற்சி. திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி பெரிதாவது, கைகால் பலமிழப்பு இருந்தால் உடனே மருத்துவமனை.

சிகரெட்டும் குவார்ட்டரும்

சிகரெட்டில் 'குறைத்துக்கொள்கிறேன்' என்பது நிற்பதில்லை. நாள் குறித்து முழுதாக நிறுத்துவதே பலிக்கிறது. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. நிகோடின் கம், மற்றவர்களுக்கு 2 மி.கி. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு மெல்லக் குறைத்துப் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தலாம். அதைச் சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், 'ஒத்துக்கலை' என்று விட்டுவிடுவார்கள். நாலைந்து முறை மென்று, சுருக்கென்று இருந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை போனபின் மறுபடி மெல்லலாம். அதற்குக் கால் மணி நேரம் முன்பு காபி, டீ கூடாது, நிகோடின் ஏறாது. இலவச உதவிக்குத் தேசியப் புகையிலை உதவி எண் 1800 11 2356.

மதுவில், வாரம் 168 கிராம் ஆல்கஹாலைத் தாண்டுவதை லான்செட் ஆணையம் ஆபத்தாகக் கொள்கிறது. இதை நம் அளவில் மாற்றிப் பார்ப்போம். 42.8% பிராந்தியோ ரம்மோ ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., சுமார் 61 கிராம் ஆல்கஹால். வாரம் மூன்று குவார்ட்டர் என்றால் வரம்பு தாண்டிவிட்டது. 8% ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் சுமார் 41 கிராம், ஐந்தாவது பாட்டிலில் தாண்டும். வரம்புக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. தினமும் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும்.

நடை, தூக்கம், காற்று

வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை; இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. பிரிட்டனில் 78,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் நாளைக்குச் சுமார் 3,800 அடி நடந்தவர்களுக்கே டிமென்ஷியா அபாயம் 25% குறைவாக இருந்தது, 9,800 வரை பலன் கூடியது. ஆகவே பத்தாயிரம் முடியாது என்று சும்மா இருப்பதில் அர்த்தமில்லை. கார்டியாவில் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்து, உடலசைவும் இல்லாதவர்கள் நடுவயதில் மோசமான மதிப்பெண் பெற்றார்கள். ஜிம்மில் முதல் வாரமே எல்லாவற்றையும் தூக்கி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு நிறுத்துவது வழக்கமான கதை. வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள்.

தூக்கம் ஏழெட்டு மணி நேரம். நைட் ஷிப்ட்காரர்களுக்கு இது சுலபமில்லை என்பது தெரிந்ததே. அவர்கள் குறைந்தது ஷிப்ட் நாட்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, பகலில் அறையை இருட்டாக்கித் தூங்கலாம். உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, கழுத்துச் சுற்று 40 செ.மீ.க்கு மேல் என்றால் தூக்கப் பரிசோதனை அவசியம். தூக்கத்தில் மூச்சு நிற்பது பிரஷரையும் சேர்த்து ஏற்றும்.

காற்று மாசைத் தனியாளால் அதிகம் மாற்ற முடியாது, ஒன்றைத் தவிர: படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003-இல் அளந்திருக்கிறார்கள். கொசுவலை கட்டுங்கள்.

மூளைக்கு வேலை

அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 678 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 1986-இல் தொடங்கியது. மடத்தில் சேர்ந்தபோது, சுமார் 22 வயதில், அவர்களில் சிலர் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரைகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. ஒரு வாக்கியத்தில் அதிகக் கருத்துகளைக் கோத்து எழுதியவர்களுக்கு, அறுபதாண்டு கழித்து, அல்சைமர் குறைவாக இருந்தது. எழுத்துதான் காப்பாற்றியதா, முன்பே இருந்த மூளைத்திறனா என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 நோயாளிகளைப் பார்த்த 2013 ஆய்வில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. படிக்காதவர்களிடமும் அப்படியே.

எனவே சுடோக்கு செயலிக்குச் சந்தா கட்டுவதைவிட, தடுமாற வைக்கும் ஒன்றைக் கற்கலாம்: அக்கம்பக்கத்தில் பேசும் தெலுங்கோ மலையாளமோ, மிருதங்கமோ, தையலோ. ஆட்களோடு சேர்ந்து கற்பது மேல்; தனிமையும் பட்டியலில் 5% பங்குள்ள காரணிதான். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் சிகிச்சை பெறுங்கள். மனச்சோர்வும் அதே பட்டியலில் உள்ளது. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

பணத்தை வீணாக்குபவை

வல்லாரை லேகியம், ஊறவைத்த பாதாம், காலையில் தேங்காய் எண்ணெய் இவை எதுவும் டிமென்ஷியாவைத் தடுத்ததாகச் சான்று இல்லை. பி, ஈ வைட்டமின் மாத்திரைகளையும் மீன் எண்ணெய் போன்றவற்றையும் இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொன்னது. விதிவிலக்கு, பி12 உண்மையிலேயே குறைவாக இருப்பவர்கள். இருபதுகளில் சாவி வைத்த இடம் மறப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு அல்லது பி12 குறைபாடு. சைவம் மட்டும் சாப்பிட்டு, பாலும் குறைவாக எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது, ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகிவிடும்.

மரபணுப் பரிசோதனை செய்து, அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் அபோஇ4 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். முப்பது வயதில் அது தெரிந்தாலும் மேலே சொன்ன வேலைகளில் எதுவும் மாறப்போவதில்லை, கவலைதான் மிச்சம். அதற்குப் பதில் குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் மறதி தொடங்கியது, பக்கவாதம் யாருக்கு வந்தது என்று பாட்டி, பெரியப்பா, அத்தையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எண்பதில் வந்த மறதி வழக்கமானது. இரண்டு தலைமுறையில் அறுபது வயதுக்கு முன்பே வந்திருந்தால் மட்டும் அந்தத் தாளோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மரபணு ஆலோசனை தேவையா என்பதை அவர் சொல்வார்.